வென்றவனுக்கே மேலும் ஆயுதம்

கணினிச் சுடுபோர் ஆட்டங்களில் 'தொடர்வீழ்த்தற் பரிசு' என்றொரு முறை உண்டு. தான் மாளாமல் அடுத்தடுத்துப் பகைவரை வீழ்த்துவோனுக்கு ஆட்டமே புதுக் கருவி வழங்கும். 2007இல் வெளிவந்த 'கால் ஆப் டூட்டி 4' ஆட்டத்தில் 3 பேரை வீழ்த்தினால் எதிரியின் இருப்பிடம் காட்டும் ராடார்; 5 பேருக்கு விமானக் குண்டுவீச்சு; 7 பேருக்கு ஹெலிகாப்டர். இடையில் மாண்டால் கணக்கு மீண்டும் சைபர்.

2009ஆம் ஆண்டு ஆட்டத்திலோ பரிசுக் கருவி வீழ்த்தியவரும் கணக்கில் சேர்ந்தனர். 25ஐ எட்டினால் அணுகுண்டைப் பெறலாம். வெடித்ததும் ஆட்டமே முடிவு! வல்லவன் மேலும் வல்லவனானான். புதியவன் எழுமுன்னே விழுந்தான். வகுப்பில் முந்திய மாணவனுக்கே எல்லாப் புத்தகங்களையும் கொடுத்துவிடும் ஆசிரியரை யார் மெச்சுவார்?

2011இல் வந்த ஆட்டம் இக்குறையை ஓரளவு நீக்கிற்று. 'துணை' வகையைத் தேர்ந்தவன் மாண்டாலும் அவன் கணக்கு அழியாது. 2012இன் 'பிளாக் ஆப்ஸ் 2' தலைகளை எண்ணாமல் புள்ளிகளை எண்ணிற்று; அணிக்காக இடம் பிடித்தவனும் பரிசுக்கு உரியவனானான். ஆயினும் மாண்டால் கணக்கு அழியும் பழைய விதி அதில் திரும்பிவிட்டது.