கஞ்சியும் கூழும்

கஞ்சி, கூழ் என்னும் இரு சொற்களையும் ஒரு பொருளனவாகக் கொள்ளும் மயக்கம் பேச்சிலேயன்றி ஆய்வுக் கட்டுரைகளிலும் காணப்படுகின்றது. இரண்டும் நீரொடு சேர்த்து அடப்படும் எளிய உணவு என்பதே அதற்குக் காரணம். அவை வழக்கால் வேறுபடுமாற்றையும், அவ்வேறுபாடு செய்யுட்பொருள் காண்டற்குத் துணையாமாற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

பாபநாசம் வட்டத்து நெல்விளையும் ஊர்களில் கஞ்சி என்னும் சொல் இரண்டினைக் குறிக்கும். அரிசியையோ நொய்யையோ மிகுந்த நீரில் குழைய வேகவைத்தது ஒன்று. சோறு வடிக்குங்கால் பிரியும் கொழுநீராகிய வடிகஞ்சி மற்றொன்று. பழஞ்சோற்றில் ஊற்றிவைத்த நீரோ கஞ்சியன்று. அது நீராகாரம் எனப்படும்.

கூழ் மாவினால் ஆவது. கேழ்வரகு, கம்பு முதலியவற்றின் மாவைக் கரைத்துக் காய்ச்சுவர். அரிசியால் ஆவது கஞ்சி, புன்செய்த் தானியத்தால் ஆவது கூழ் எனப் பகுத்தல் பொருந்தாது. என்னை? வடகம் பிழிதற்கு அரிசிமாவைக் கிளறி எடுப்பதும் இப்பகுதியில் கூழ் என்றே வழங்கும். யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவினால் ஆவதே. ஆகவே வேற்றுமை தானியத்தில் இல்லை. மணியாக வேவித்தலிலும் மாவாகக் கரைத்தலிலுமே உள்ளது.

இனிச் செய்யுள் வழக்கினை நோக்குவோம். மக்கள் தம் சிறுகையால் அளைந்த உணவைத் திருக்குறள் 64ஆம் பா கூழ் என்கின்றது. இதனை மாக்கூழ் எனக் கொள்ளின், பெற்றோர் அனைவர்க்கும் உரிய இன்பம் வறியோர் இல்லத்திற்கே உரியதாய்ச் சுருங்கிவிடும். பரிமேலழகர் சோறு என்றே பொருள் கண்டார். அதற்கு நூலினுள்ளேயே சான்று உண்டு. இரவச்சத்தில், தெளிந்த நீர்போன்ற எளிய உணவைச் சொல்லவந்த 1065ஆம் குறளில் ஆசிரியர் ஆண்ட சொல் புற்கை என்பது; கூழ் அன்று.

மேலும், 381ஆம் குறள் அரசற்குரிய ஆறு அங்கங்களுள் கூழையும் வைத்து எண்ணுகின்றது. ஆண்டு அச்சொல் பொருட்செல்வத்தைக் குறித்ததென்பது பரிமேலழகர் கருத்து. உணவின் பெயர் செல்வத்திற்கு ஆதல் வியப்பன்று. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கின்றது. நெல்லே கூலியாகவும் குத்தகையாகவும் அளக்கப்பட்ட இந்நாட்டில் உணவும் உடைமையும் ஒன்றாகவே இருந்தன.

எனவே, பண்டு உணவுப் பொதுமையை உணர்த்திய கூழ் என்னும் சொல் பிற்காலத்தே ஒருவகை மாவுணவிற்குச் சிறப்பாயிற்று என்பது பெறப்படும். ஆங்கிலத்தில் உணவு அனைத்தையும் குறித்த 'மீட்' என்னும் சொல் பின்னர் இறைச்சியளவில் சுருங்கியமை இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. கஞ்சி என்பதற்கு இத்தகைய பொதுப்பொருளாட்சி இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி கூழ் என்பதற்கு உணவு, செல்வம் முதலிய பொருள்களையும் தருகின்றது. அவற்றுள் இடத்திற்கு ஏற்பதனைத் தெரிந்து கொள்ளுதல் உரைகாண்பார் கடன். இன்றைய அடுக்களை வழக்கொன்றனையே கொண்டு பழஞ்செய்யுட்குப் பொருள் கூறுதல் ஏற்புடைத்தன்று.