அறுத்து எடுத்த பின்னும் திரும்புவது ஏன்?

பரேல் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு உறவினருக்குத் துணையாகப் போய் வந்தவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. "மார்பில் இருந்த கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, கீமோவும் முடிந்தது என்றார்கள். ஆறு வருஷம் கழித்து எலும்பில் வந்திருக்கிறது என்கிறார்களே, எப்படி?" சிலர் டாக்டரைச் சந்தேகிக்கிறார்கள். இன்னும் சிலர் அந்த அம்மாள் சாப்பிட்டதைக் குறை சொல்கிறார்கள். அது பெரிய அநியாயம். காரணத்தைப் புற்றுநோய்ச் செல்லுக்குள்ளேதான் தேட வேண்டும்.

நம் உடலின் செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. கண் செல்லும் கல்லீரல் செல்லும் வேறுபடுவது, எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதால்தான். சாளியில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஸ்விட்ச் போர்டு இருந்தாலும், ஒரு வீட்டில் விளக்கு எரியும், அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடும் அல்லவா? சில மரபணுக்களின் வேலையே மற்றவற்றின் ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதும்தான். ட்விஸ்ட், ஸ்நெயில் என்ற இரண்டும் அவ்வகை. பழ ஈக்களை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. ட்விஸ்ட் பழுதான ஈயின் கரு, முட்டைக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்ததாம். (நம்மவர்கள் 'முறுக்கு' என்றே வைத்திருப்பார்கள்!)

கரு வளரும்போது செல்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து இடம் பெயர இவை உதவுகின்றன. பிறகு பெரும்பாலும் ஓய்வு. மார்பகப் புற்றுநோயில் இவை மீண்டும் விழித்துக்கொண்டால்தான் தொல்லை. ஈ-காட்ஹெரின் என்னும் புரதம் செல்லோடு செல்லை ஒட்டி வைக்கும் பசை போன்றது. அதன் மரபணுவை ஸ்நெயில் அணைத்துவிடும். பசை போனதும் செல் கழன்று, ரத்தத்தோடு வேறிடம் போய்ச் சேரலாம்.

போன செல் அங்கே புதுக் கட்டியாக வளர விதையின் குணமும் வேண்டும். ஸ்டெம் செல் என்பது அத்தகைய விதை: தன்னையும் பெருக்கும், பிறவகைச் செல்களையும் உண்டாக்கும். 2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், மார்பகக் கட்டியிலிருந்து பிரித்த ஒரு வகைச் செல்கள் வெறும் 100 இருந்தாலே எலியில் கட்டி வளர்வதைக் கண்டனர். மற்ற வகையில் பல்லாயிரம் செல்களைச் செலுத்தியும் வளரவில்லை. 2008இல் செந்துறை மணி (பெயரே நம்மவர் என்று சொல்கிறது), ராபர்ட் வெய்ன்பெர்க் ஆகியோர் குழு இரண்டையும் இணைத்துக் காட்டியது. மார்பகச் செல்களில் ட்விஸ்ட்டையோ ஸ்நெயிலையோ முடுக்கியபோது, அவை நடமாடும் குணத்தோடு ஸ்டெம் செல்லின் குணங்களையும் பெற்றன. இந்த ஸ்விட்ச் திரும்ப மாறவும் கூடும்.

இத்தகைய செல்கள் பல சமயம் மெதுவாகவே பிரிகின்றன. வேகமாகப் பிரியும் செல்லைத் தாக்கும் கீமோ மருந்திலிருந்து அதனால் தப்பிவிடுகின்றன. சில, மருந்தையே வெளியே தள்ளிவிடும். திரும்பி வரும் நோய்க்கெல்லாம் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு.

ஆபரேஷன் முடிந்த பின்னும் ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் உள்ளவர்களுக்கு டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்களை அடக்கி வைக்கத்தான். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தாங்களாக நிறுத்திவிடும் பெண்களுக்கு வீட்டார் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

செல்கள் கழன்று போகுமுன் கட்டியைப் பிடிப்பது இன்னும் மேல். 1998இல் டாட்டா மருத்துவமனை மும்பையின் 20 பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், கையாலேயே மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மாமோகிராம் இல்லை. 2021இல் முடிவு வெளியானது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 37 சதவீதம், மற்றவர்களில் 47. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலியில்லையே என்று நம் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் மறைத்து வைப்பது அதனால்தான். மாதுங்காவிலிருந்து பரேல் இரண்டாவது ஸ்டேஷன்.