கண்டது கொஞ்சம், கட்டியது அதிகம்

2024 ஆகஸ்ட் 20. திருவனந்தபுரத்தின் புறநகரில் வசித்த 13 வயதுச் சிறுமி, வீட்டில் திட்டியதால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தம்பானூருக்கு வந்து, கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினாள். தம்பானூர் என்பது தொலைந்துபோவதற்கு வாகான இடம். ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் தெற்கே நாகர்கோவிலுக்கோ வடக்கே கொல்லத்துக்கோ வண்டி ஏறிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அந்தப் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மட்டும் கவனித்தார். துணைக்கு ஆளில்லாமல் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது. நெய்யாற்றின்கரை அருகே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு சிறுமியைக் காணவில்லை என்ற செய்தி வந்ததும் அந்தப் படத்தைப் போலீஸிடம் கொடுத்தார். அதுவரை இருட்டில் துழாவிக்கொண்டிருந்த தேடலுக்கு ஒரு ரயிலும் ஒரு திசையும் ஒரு நேரமும் கிடைத்தன. கேரளப் போலீஸும் தமிழ்நாட்டுப் போலீஸும் கன்னியாகுமரிப் பக்கம் தேடின. நாகர்கோவில் நிலையத்தில் அவள் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறியது கேமராவில் இருந்தது. அதற்குள் அவள் ரயில் மாறி வடக்கே போய்விட்டிருந்தாள். மறுநாள் இரவு விசாகப்பட்டினத்தில், அங்குள்ள மலையாளி சங்கத்தினர் ஒரு ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறித் தேடி அவளைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த வழக்கில் பொதுமக்கள் செய்த உதவி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் ஒரு படமும் பெட்டி பெட்டியாக நடந்த சில கால்களும்தான். அந்த மாணவி, சிறுமி ஏன் அழுதாள், யார் கடத்தியிருப்பார்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. எந்த வண்டி, எந்த இடம், எப்போது என்பதைச் சொன்னார். இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று கேரளத்தில் 2018 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சபரிமலைக்கு மாலை போடும் தமிழர்களுக்கு எருமேலியைத் தெரியும், பேட்டை துள்ளும் ஊர். அதன் பக்கத்தில், பத்தனம்திட்டா மாவட்டத்து எல்லையில், முக்கூட்டுத்தறை என்றொரு சிற்றூர். 2018 மார்ச் 22 காலை அங்கிருந்து 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், முண்டக்கயம் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆட்டோவில் கடைவீதிக்கு வந்தார். எருமேலிக்குப் பஸ் ஏறினார். செல்போன் வீட்டிலேயே இருந்தது. எருமேலிக்கு அப்பால் உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அவருடைய பெயர் கேரளத்தில் டீக்கடை வரைக்கும் தெரிந்த பெயர்தான். அதை இவ்வளவு பேர் இவ்வளவு கதைகளோடு உச்சரித்துவிட்ட பிறகு இங்கே இன்னொரு முறை அச்சிடத் தோன்றவில்லை.

உறுதியான தகவல் ஒரு பத்திக்குள் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் பிறகு கட்டப்பட்டது. பெங்களூரில் ஓர் ஆசிரமத்தில் பார்த்தோம் என்றார்கள், போலீஸ் போனது. மலப்புறத்தில் கோட்டக்குன்னு பூங்காவில் பார்த்தோம் என்றார்கள், அங்கும் போனது. சென்னை அயனாவரத்தில் ஒரு கடையிலிருந்து போன் பேசினார் என்று தகவல் வந்தது. ஒரு குழு சென்னைக்கு ரயில் ஏறியது. செங்கல்பட்டு அருகே எரிந்த நிலையில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைத்தபோது, இவராக இருக்குமோ என்று வந்து பார்த்தார்கள். இவர் இல்லை. இடுக்கி மலைச்சரிவுகளிலும் காடுகளிலும் ஆட்களைத் திரட்டித் தேடினார்கள். ஊர் ஊராகத் தகவல் பெட்டிகள் வைத்தார்கள். துப்புக் கொடுப்பவருக்கு முதலில் 2 லட்சம், பிறகு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். பரிசுத் தொகை கூடினால் உண்மை தெரிந்தவர் ஒருவர் வாய்திறக்கக்கூடும். உண்மை தெரியாத நூறு பேர் நிச்சயமாக வாய்திறப்பார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் பொய்யர்கள் இல்லை என்பதுதான் சிக்கல். பார்த்த நினைவு என்பது பூட்டிய பெட்டியில் கிடக்கும் பொருளாக இருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1970கள் முதல் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின: சம்பவத்துக்குப் பிறகு காதில் விழும் சேதியும் கேட்கப்படும் கேள்வியின் வார்த்தைகளும் நினைவுக்குள் புகுந்து, முதலிலேயே பார்த்தது போல உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு பெண்ணின் படம் தினமும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் வந்தபடி இருந்தால், சென்ற மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பெண்ணுக்கு அந்த முகம் ஒட்டிக்கொள்ளும். சொல்பவர் சத்தியம் செய்தே சொல்வார். விசாரிப்பவருக்கு, வேண்டுமென்றே சொன்ன பொய்யைக் காட்டிலும் இது கடினம்.

இதைவிடக் கொடிய வகை, துப்பே இல்லாமல் கதையை மட்டும் கட்டுவது. தமிழில் கமல்ஹாசன் நடித்து 2015இல் வந்த ‘பாபநாசம்’ படத்தின் மூலம், ஜீத்து ஜோசப்பின் மலையாள ‘திருஷ்யம்’. வெளியானது 2013இல். அதில் பிணம், கட்டுமானத்தில் இருந்த ஒரு கட்டடத்துக்கு அடியில் புதைக்கப்பட்டது என்பது படம் பார்த்தவர்கள் அறிந்த ரகசியம். படம் பார்த்த மாநிலத்தில் ஒரு பெண் காணாமல் போனதும், பெண்ணின் தந்தை கட்டுமானத் தொழில் செய்பவர் என்பதும் சேர்ந்ததும், திரைக்கதை தானாகவே எழுதப்பட்டுவிட்டது. அவருடைய நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் போலீஸ் சோதனை போட்டது. ஒன்றும் இல்லை. மகளைத் தேடுகிற தகப்பன், பக்கத்து வீட்டார் பார்க்க, தன் மீதான இந்தச் சோதனைக்கு நிற்க வேண்டியிருந்தது. போலீஸைக் குறைசொல்ல முடியாது, வந்த தகவலைப் பார்க்காமல் விட்டிருந்தால் அதையும் கேட்டிருப்போம். தகவல் அனுப்பியவர் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அடுத்தது மதம். பெண் மதம் மாற்றப்பட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்ற பேச்சு, ஓர் ஊரின் துயரத்தை மாநில அரசியலாக்கியது. 2021 பிப்ரவரி தொடக்கத்தில், இந்த வழக்கில் நீதி வேண்டும் என்று சொல்லி ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தில் பெண் நீதிபதி ஒருவரின் கார் மீது கறுப்பு எண்ணெயை வீசினார். அதே மாதம் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. சிபிஐ அந்த மதமாற்றக் கோணத்தையும் விசாரித்தது. வெளிநாடுகளில் தேட இன்டர்போல் வழியாக மஞ்சள் அறிவிப்பு விடப்பட்டது. 2024 ஜனவரியில் திருவனந்தபுரம் தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த முடிப்பறிக்கையில், மதமாற்றத்துக்கோ பயங்கரவாதத் தொடர்புக்கோ ஆதாரம் இல்லை என்று எழுதியது. பெண் எங்கே என்பதற்கும் அதில் விடை இல்லை.

முடிப்பறிக்கை என்றதும் வழக்கு செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விசாரித்த அமைப்பு தன் கையில் உள்ளதைக் கொடுத்து, இதற்கு மேல் போக வழியில்லை என்று நீதிமன்றத்திடம் சொல்வதுதான் அது. புகார் கொடுத்தவருக்கு அதை எதிர்க்க உரிமை உண்டு. நீதிமன்றம் ஏற்கலாம், தள்ளலாம், மேலும் விசாரி என்று சொல்லலாம். இங்கே தந்தை எதிர்த்தார், சில விவரங்களை மூடி முத்திரையிட்ட உறையில் கொடுத்தார். 2024 மே மாதம் மேல்விசாரணைக்கு உத்தரவானது. மூன்று மாதம் கழித்து, முண்டக்கயத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்த பெண்மணி, மாணவி காணாமல் போன நாட்களையொட்டி அவரை அங்கே பார்த்ததாகச் சொன்னார். சிபிஐ வாக்குமூலம் வாங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து வரும் நினைவை எந்தத் தராசில் வைப்பது என்பது, மேலே லாஃப்டஸைப் பற்றிச் சொன்னதைப் படித்தவருக்கு விளங்கும்.

இவ்வளவு கதைகளும் முளைத்ததற்கு ஊர்வாயை மட்டும் திட்டிப் பயனில்லை. முதல் இரண்டு நாட்களில் போலீஸ் மெத்தனமாக இருந்தது என்று சிபிஐயே குறை சொன்னது. வயது வந்த பெண் காணவில்லை என்று போனால், யாரோடாவது போயிருப்பார், தானே வருவார் என்று சொல்லும் பழக்கம் எல்லா மாநிலக் காவல் நிலையங்களிலும் உண்டு. கேரளப் போலீஸ் சட்டத்தின் 57ஆவது பிரிவு, காணாமல் போனவரைத் தேடுவதைப் போலீஸின் கடமையாகவே வைத்திருக்கிறது. சட்டம் இருந்தும் முதல் இரண்டு நாட்கள் போனால் போனதுதான். பேருந்து நிலையக் கேமராக்கள் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். நடத்துநருக்கு முகம் மறந்துவிடும்.

இதோடு, பொறுப்பில் இருந்த அதிகாரிகள் சிலர் நடுநடுவே, எங்களுக்குப் பலதும் தெரியும், இப்போது சொல்ல முடியாது என்ற தோரணையில் பேட்டி கொடுத்தார்கள். அப்படி ஒரு வரி போதும், ஆறு மாதத்துக்கான ஊகத்துக்கு. தெரிந்தால் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று புன்னகைப்பது விசாரணை ஆகாது.

போலீஸ் மௌனமாக இருப்பதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு, அது பேசப்படுவதே இல்லை. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தால் வீட்டைவிட்டுப் போயிருந்தால் அது குற்றம் இல்லை. கண்டுபிடிக்கப்பட்டால் மாஜிஸ்திரேட் முன்பு அவர் அதைச் சொல்லலாம். எங்கே இருக்கிறார் என்பதை ஊருக்குச் சொல்லும் கடமை அவருக்கும் இல்லை, போலீஸுக்கும் இல்லை. காணாமல் போன ஆளைத் தேட வேண்டும் என்பதும், அவரைப் பற்றி நமக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்பதும் ஒன்று போலத் தோன்றும் இரண்டு கோரிக்கைகள்.

இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பதை வெளிநாடுகளிலும் பார்க்கலாம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர் என்னும் கிராமத்தில் 2023 ஜனவரி 27 அன்று நாயோடு ஆற்றங்கரையில் நடக்கப் போன 45 வயதுப் பெண் காணாமல் போனார். ஆற்றில் விழுந்திருக்கலாம் என்று போலீஸ் தொடக்கத்திலேயே சொல்லியது. அவ்வளவு எளிய விடை யாருக்கும் பிடிக்கவில்லை. எங்கெங்கோ இருந்து ஆட்கள் கேமராவோடு வந்து கிராமத்து வீடுகளைச் சுற்றினார்கள். ஆட்களைக் கலைந்துபோகச் சொல்லிப் போலீஸ் உத்தரவு போட வேண்டியிருந்தது. பேச்சை அடக்கும் நெருக்கடியில் போலீஸே அந்தப் பெண்ணின் உடல்நலம் பற்றிய அந்தரங்கத் தகவல்களை வெளியே சொல்லி, கண்டனத்துக்கு ஆளானது. பிப்ரவரி 19இல் அதே ஆற்றில் உடல் கிடைத்தது. தற்செயலாக மூழ்கி இறந்தார் என்று மரண விசாரணை முடிவு சொன்னது. பின்னர் நடந்த ஆய்வு, தகவல் சொல்லும் பொறுப்பைப் போலீஸ் ஆரம்பத்திலேயே கைநழுவ விட்டதைச் சுட்டியது.

அமெரிக்காவில் 2013இல் நடந்தது இன்னும் மோசம். காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் படத்தை, பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புச் சந்தேக நபரின் மங்கலான படத்தோடு ஒப்பிட்டு, இவர்தான் என்று இணையத்தில் ஒரே இரவில் தீர்ப்பு எழுதினார்கள். தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசைகள் வந்து குவிந்தன. சில நாட்களில் அவருடைய உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்பு நடப்பதற்கு முன்பே அவர் இறந்திருந்தார்.

ஆனால் போலீஸ் சொல்வதை அப்படியே நம்பிவிட்டு வீட்டில் இருங்கள் என்று எழுதக் கை வரவில்லை, காரணம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. எருமேலி மாணவி காணாமல் போவதற்கு எட்டு நாள் முன்பு, 2018 மார்ச் 14 அன்று, போத்தன்கோட்டில் ஆயுர்வேதச் சிகிச்சைக்கு வந்திருந்த லாட்வியாவைச் சேர்ந்த பெண் காணாமல் போனார். தானாகப் போயிருப்பார் என்ற அலட்சியத்தைக் குடும்பம் ஏற்கவில்லை. சகோதரியும் துணைவரும் அந்நிய ஊரில் போஸ்டர் ஒட்டினார்கள், கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டார்கள். ஏப்ரல் 20இல் திருவல்லம் அருகே சதுப்புக் காட்டில் உடல் கிடைத்தது. 2022 டிசம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குடும்பத்தின் சந்தேகம்தான் சரியாக இருந்தது. அவர்கள் யாரையும் குற்றவாளி என்று கைகாட்டவில்லை. ஒரு படத்தைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்டார்கள். போலீஸை நெருக்குவதும் போலீஸ் வேலையை உட்கார்ந்த இடத்தில் தானே செய்துமுடிப்பதும் வேறு வேறு.

வதந்தியைச் சட்டத்தால் அடக்கலாமே என்று கேட்கலாம். கேரளம் முயன்றது. இணைய அவதூறைத் தண்டிக்க 2020 நவம்பரில் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு வேட்டு என்று எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே பின்வாங்கியது. பின்வாங்கியது சரிதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு நாட்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் தந்தையின் மீதே வழக்குப் போட்டிருக்க முடியும்.

கண்ணால் பார்த்தவருக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பார்த்த இடம், நேரம், போன திசை, ஏறிய வண்டி, உடுத்திருந்தது ஆகியவற்றை மறப்பதற்குள், மற்றவர்களிடம் பேசி நினைவு கலங்குவதற்குள் எழுதி வைக்க வேண்டும். 112க்கு அழைக்கலாம். குழந்தையென்றால் 1098, ரயிலில் என்றால் 139. ஐயம் இருந்தால் ஐயம் என்றே சொல்லலாம். அந்த ஒரு சொல் போலீஸுக்கு ஒரு வீண் பயணத்தை மிச்சப்படுத்தும். தேடும் நாளில் பகிர்ந்த படத்தை, ஆள் கிடைத்த நாளில் அழிக்கவும் வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்ற வரையறைக்குள் ஓடிப்போன, காணாமல் போன பிள்ளைகளும் வருகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.