எரிந்தபின் எஞ்சுவன

"எரிந்தது ஒழிந்தது" என்பது உலக வழக்கு. பழைய கடிதமொன்றை அடுப்பிலிட்டால் சிறிது சாம்பலே எஞ்சுதலின், அவ்வழக்கு மெய்போலத் தோன்றும். ஆயின், இரசாயனவியல் காட்டும் உண்மை வேறு. எரிதலால் எப்பொருளும் ஒழிவதில்லை, உருமாறுகின்றது. அன்றியும், விளைபொருள்களின் மொத்த நிறை எரிந்த பொருளின் நிறையினும் மிகுதியாகும்.

கடதாசியின் பெரும்பகுதி செலுலோசு என்னும் தாவர நார்ப்பொருள். 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வாழைச்சேனைக் கடதாசித் தொழிற்சாலை, வயலில் எஞ்சும் வைக்கோலிலிருந்து அந்நாரைப் பெற்றது. செலுலோசு காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூன்று மூலகங்களால் ஆயது. முற்றாக எரியுங்கால், 162 கிராம் செலுலோசு காற்றிலிருந்து 192 கிராம் ஒட்சிசனை ஏற்று, 264 கிராம் காபனீரொட்சைட்டையும் 90 கிராம் நீரையும் தரும். எரியும் கடதாசியின்மேல் குளிர்ந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துப் பிடிப்பின் உட்புறத்தில் நீர்த்திவலை படியும். அதனுள் தெளிந்த சுண்ணாம்பு நீரை விட்டுக் குலுக்கின் அது பால்போல் வெளுக்கும். முன்னது நீராவிக்கும் பின்னது காபனீரொட்சைட்டுக்கும் சான்றாம்.

சாம்பலோ எரியாத கனிப்பொருள். உமி தன் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைச் சாம்பலாக விடும். அச்சாம்பலிற் பெரும்பகுதி மணலின் கூறாகிய சிலிக்காவே. அது பாத்திரம் துலக்க உதவுவது இதனாலன்றோ! விறகுச் சாம்பலிலுள்ள பொற்றாசியங் காபனேற்று காரமாதலின், முன்னோர் அதனைக்கொண்டு ஆடை வெளுத்தனர்.

இதுகாறும் கூறியது காற்றுப் போதியவிடத்து நிகழ்வது. காற்றுக் குறையின் எரிதல் முற்றுப்பெறாது. மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியிற் படியும் கரி இவ்வாறு எரியாதெஞ்சிய காபனே. அதனினும் கொடியது காபனோரொட்சைட்டு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட வலிமையுடன் அது பிணையும். உடல் ஒட்சிசனின்றி வாடும்.

சிரட்டைக்கரி புகையாது கனல்வது கண்டு, அது தீங்கற்றது என எண்ணுவோர் பலர். மாரிக்காலத்தில் ஈரக்காற்றுக்கு அஞ்சிக் கதவடைத்த அறையில், தாயும் சேயும் துயிலத் தணற்சட்டியை வைத்தல் பேரிடராகும். புகையின்மை நஞ்சின்மை ஆகாது.

இக்காலத்தில் கடதாசிக் குப்பையோடு பிளாத்திக்குப் பொருள்களையும் சேர்த்துக் கொளுத்துகின்றோம். அவற்றுள் பீ.வீ.சீ. எனப்படுவது எரியுங்கால், கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் ஐதரசன் குளோரைட்டு வெளிப்படும். டயொட்சின் என்னும் நெடுங்கால நஞ்சுகளும் தோன்றக்கூடும்.

ஆதலின், தீயில் இட்டதனால் ஒரு பொருள் நம்மைவிட்டு நீங்கிற்று எனக் கருதற்க. அது நாம் உயிர்க்கும் காற்றிற் கலந்து மீண்டும் நம்மிடமே வருகின்றது. தணலுள்ள அறையிற் சாளரத்தைத் திறந்து வைத்தலும், குப்பையைப் பிரித்தறிந்து அகற்றலும் இவ்வறிவின் பயனாகும்.