பிளஸ் 2 அறிவியலில் மார்க் குறைவா? நர்சிங் சேர மறுபடி எழுதணுமா, ஒரு வருஷம் காத்திருக்கணுமா? முழு விளக்கம்!

பிளஸ் 2 ரிசல்ட் வந்த வாரத்தில் கீழ்க்கட்டளை பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய இந்தப் பகுதியின் கம்பங்களிலும் சுவர்களிலும் 'நர்சிங் அட்மிஷன் நடக்கிறது' என்ற நோட்டீஸ் ஒன்றாவது கண்ணில் படும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகும் அம்மாக்களும் உண்டு. அந்த வீடுகளில் ஓடும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பயாலஜில மார்க் கம்மி. இந்த வருஷமே கிடைச்சதுல சேர்ந்துடலாமா, இல்ல மறுபடி எழுதி நல்ல காலேஜுக்குப் போகலாமா?"

இது ஒரு வருஷத்தையும் லட்சக்கணக்கான ரூபாயையும் முடிவு செய்கிற கேள்வி. அதனால் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், உங்கள் மார்க் உண்மையிலேயே குறைவா?

பி.எஸ்சி நர்சிங் 4 ஆண்டு படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து குறைந்தது 45% வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40% போதும். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

'மூன்றையும் சேர்த்து' என்பதுதான் இங்கே முக்கியம். ஒவ்வொரு பாடத்திலும் 45 வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. 300-க்கு 135 இருந்தால் தகுதி வந்துவிடும். இயற்பியலில் 38 என்று பார்த்துவிட்டு 'நமக்கு நர்சிங் கிடையாது' என்று ஒதுங்கும் மாணவர், மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 135-ஐத் தாண்டியிருக்கலாம்.

கட் ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கான கலந்தாய்வை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. நீட் தேவையில்லை, பிளஸ் 2 மதிப்பெண்தான் அடிப்படை. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்குக் கணக்கு.

ஒரு உதாரணம். ஒரு மாணவி உயிரியலில் 58, வேதியியலில் 49, இயற்பியலில் 46 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 153, அதாவது 51%. தகுதி இருக்கிறது. கட் ஆஃப்: 58 + 24.5 + 23 = 105.5.

இதே மாணவிக்கு இயற்பியலில் 20 மார்க் கூடினால் கட் ஆஃப் 10 மட்டுமே ஏறும். உயிரியலில் 20 கூடினால் முழுசாக 20 ஏறும். மறுபடி எழுத வாய்ப்பு இருப்பவர்கள் எந்தப் பாடத்தில் உழைப்பைப் போட வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

சரி, மறுபடி எழுத முடியுமா?

இது நீங்கள் படித்த போர்டைப் பொறுத்தது.

*மாநிலப் பாடத்திட்டம், ஒரு பாடத்தில் ஃபெயில்:* யோசிக்கவே வேண்டாம். ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வை எழுதுங்கள். அதில் பாஸ் ஆனால் வருஷம் வீணாகாது.

*மாநிலப் பாடத்திட்டம், பாஸ், ஆனால் மார்க் குறைவு:* இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். துணைத்தேர்வு என்பது தேர்ச்சி பெறாதவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும்தான். பாஸான பாடத்தை மார்க்குக்காகத் திரும்ப எழுத அதில் இடமில்லை. முன்பு 'இம்ப்ரூவ்மென்ட்' என்ற முறை இருந்தது. 2005-இல் நுழைவுத் தேர்வோடு சேர்த்து அதையும் நீக்க அன்றைய அரசு உத்தரவிட்டது. அது நீதிமன்றம் வரை போனது. 'எங்க அண்ணன் காலத்துல எழுதினாங்களே' என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது அந்தப் பழைய காலத்தை.

உங்களுக்கு இருக்கும் உடனடி வழி வேறு. எதிர்பார்த்ததைவிட மார்க் ரொம்பக் குறைந்திருந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். பாடத்தை நடத்திய ஆசிரியரிடம் நகலைக் காட்டி, மார்க் ஏற வாய்ப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

*சி.பி.எஸ்.இ.:* பாஸானவர்களும் மதிப்பெண்ணை உயர்த்த எழுதலாம். அதே ஆண்டு துணைத்தேர்வில் ஒரு பாடம்; அல்லது அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் ஒன்றோ அதற்கு மேலோ. ஆனால் மார்க் கூடினால் மட்டும் போதாது. சேர்க்கை நடத்துபவர்கள் அந்த மார்க்கை ஏற்க வேண்டும். விண்ணப்பக் கையேட்டில் அந்த விதியைப் படிக்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

*வணிகவியல், கலைப் பிரிவு படித்தவர்கள்:* என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களை எடுத்து எழுதலாம். ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. நர்சிங் கவுன்சில் ஏற்கும் போர்டுகளில் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தையும் விடக் கூடாது.

5 வருஷக் கணக்கு: ஜி.என்.எம். வழி

'ஒரு வருஷம் காத்திருந்து பி.எஸ்சி சேரலாம்' என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒரு வருஷம் காத்திருப்பு + 4 வருஷம் பி.எஸ்சி = 5 வருஷம்.

ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம் + போஸ்ட் பேசிக் பி.எஸ்சி 2 வருஷம் = அதே 5 வருஷம்.

முடிவில் இரண்டு பேர் கையிலும் பட்டம் இருக்கும். ஆனால் இரண்டாவது வழியில் 3-ஆவது வருஷ முடிவிலேயே செவிலியராகப் பதிவு செய்து வேலைக்குப் போகலாம். வீட்டில் நிலைமை சரியில்லை என்றால், கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டு மேற்படிப்பைத் தொடரலாம். ஜி.என்.எம். சேர நர்சிங் கவுன்சில் கேட்கும் குறைந்தபட்சம் பிளஸ் 2-வில் 40%, ஆங்கிலத்தில் தேர்ச்சி. அரசு இடம் வேண்டும் என்றால் மாநிலக் கையேட்டின் கூடுதல் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும்.

அதே சமயம் பி.எஸ்சி-யில் நேரடியாகச் சேர்ந்தவர் 4 வருஷத்தில் முடிப்பார். அதனால் 45% தகுதி இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கட்டக்கூடிய கட்டணத்தில் இடமும் கிடைத்தால், 'இன்னும் பெரிய காலேஜ்' என்பதற்காக மட்டும் ஒரு வருஷத்தை விடுவது லாபமில்லை.

காத்திருப்பது யாருக்குச் சரி?

தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமலோ வீட்டில் துக்கம் நடந்தோ மார்க் சரிந்தவர்கள், மறுபடி எழுத போர்டும் அனுமதித்தால் தாராளமாக முயற்சிக்கலாம். 45%-க்கு நாலைந்து மார்க் குறைவாக இருப்பவர்களுக்கும் அர்த்தம் உண்டு. நீட் எழுதப் போகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி நர்சிங் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண் பயன்படுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் சித்தி 'அங்க எல்லாரும் சயின்ஸ் கோர்ஸைத் திரும்ப எடுக்கறாங்க' என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். அங்கே நர்சிங் சேரும் முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்றவற்றைக் கல்லூரி அளவில் முடிக்க வேண்டும். 5, 7 வருஷத்துக்கு மேல் பழைய மார்க் செல்லாது என்று பல கல்லூரிகள் சொல்கின்றன. நம்ம ஊரில் அந்தப் பாடங்கள் நர்சிங் படிப்புக்குள்ளேயே வருகின்றன. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்க் வேறு, பாடம் வேறு

பி.எஸ்சி நர்சிங்கின் முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வந்துவிடும். இரண்டாவதில் உயிர்வேதியியல், மூன்றாவதில் நுண்ணுயிரியலும் மருந்தியலும். பிளஸ் 2 அறிவியல் புரியாமல் பாஸ் ஆனவர்கள் திணறுவது இங்கேதான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம், ஹார்மோன்கள் எல்லாம் இருப்பது பிளஸ் 1 விலங்கியல் புத்தகத்தில். பிளஸ் 2-வை மறுபடி எழுதினாலும் அவற்றைப் படிக்கப் போவதில்லை! கல்லூரி திறக்கும் வரை இருக்கும் இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கணக்கும் தேவைப்படும். 500 மி.லி. குளுக்கோஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மி.லி.-க்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் சுமார் 42. வார்டில் தினமும் போடுகிற கணக்கு இது. தப்பானால் குறைவது மார்க் இல்லை, நோயாளிக்குத்தான் ஆபத்து.

உஷார்: எல்லா 'நர்சிங்'கும் நர்சிங் இல்லை

மார்க் குறைந்த வீடுகளைத் தேடி வருகிறவர்கள், 'சயின்ஸே வேண்டாம், ஒரே வருஷத்துல நர்ஸ் ஆகலாம்' என்பார்கள். உதவியாளர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் பயன்படலாம். ஆனால் அதை வைத்துப் பதிவு பெற்ற செவிலியர் ஆக முடியாது. அரசு செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

பணம் கட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா? மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா? பி.எஸ்சி என்றால், பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது?

கடைசியாக ஒன்று. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ தாம்பரம் சானடோரியமோ கீழ்க்கட்டளையிலிருந்து அதிக தூரம் இல்லை. அங்கே வேலை பார்க்கும் செவிலியர் யாராவது தெரிந்தவராக இருந்தால், டியூட்டி முடிந்து வரும்போது பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். இரவுப் பணி, ரத்தம், நாள் முழுக்க நிற்பது எல்லாவற்றையும் கேட்ட பிறகும் பிள்ளை 'நான் படிக்கிறேன்' என்று சொன்னால், மார்க் குறைந்ததற்கு மேலே சொன்ன வழிகளில் ஏதாவது ஒன்று நிச்சயம் பொருந்தும்.