பாலூட்டியவள் கைக்கு ஊசி வந்த கதை

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வருவது செவிலிமேடு. லட்சுமி நரசிம்மர் கோயிலும், வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் தீர்த்தம் சுமந்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணறும், தறிகளும் உள்ள ஊர். தனிப் பேரூராட்சியாக இருந்து, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பெயர்ப்பலகையைப் படிப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செவிலியர் நினைவு வருவது இயல்பு. அதை வைத்து ஊருக்கு ஒரு கதை கட்டுவதும் சுலபம். ஆனால் செவ்விலிமேடு என்றும் எழுதப்படும் ஊர் அது. ஓசை ஒத்துப்போவதை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்தால் இப்படித்தான் முதல் படியிலேயே வழுக்கும். ஊர்ப்பெயரை விட்டுவிட்டுச் செவிலி என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் சான்றுக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாட்டில் அவள் வளர்ப்புத்தாய். இன்று அரசாணையில் நர்ஸ். இந்த மாற்றம் பொருத்தமில்லாதது, அகராதி பார்த்து யாரோ ஒட்டவைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

நர்ஸ் என்றால் முதலில் பாலூட்டுகிறவள். பாலூட்டி வளர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. ஊட்டச்சத்தைக் குறிக்கும் நியூட்ரிஷன் அதே வேரில் கிளைத்ததுதான். குழந்தைகள் இருக்கும் அறைக்கும் நாற்று வளர்க்கும் இடத்துக்கும் நர்சரி என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு. அவள் கையில் மருந்துப் புட்டி கிடையாது. ஜூலியட்டுக்குப் பால் மறக்கடித்த நாளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற வீட்டுப் பணிப்பெண் அவள். அதே ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகமான 'காமெடி ஆஃப் எரர்ஸ்' இல் ஒரு மனைவி, நோயுற்ற கணவனுக்குத் தானே நர்ஸாக இருப்பேன் என்கிறாள். ஒரே எழுத்தாளர், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு பொருள். பழைய பொருளின் பிடி தளர்ந்துகொண்டே வந்ததற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு: பாலூட்டுபவளைக் குறிக்க 'வெட் நர்ஸ்' என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சொல்லின் தாய்ப்பொருளுக்கே அடைமொழி தேவைப்பட்டால், அந்தச் சொல் வீடு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

புது வீட்டில் உடனே மரியாதை கிடைக்கவில்லை. டிக்கன்ஸ் 1840களில் படைத்த கேம்ப் அம்மாள் பிரசவமும் பார்ப்பாள், நோயாளியையும் பார்ப்பாள், பிணத்தையும் கிடத்துவாள், கூடவே குடிப்பாள். கிரிமியப் போரில் பணியாற்றித் திரும்பிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகே அது படித்துப் பெறும் தொழிலின் பெயராயிற்று. அவர் அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய நூலில், வேறு சரியான சொல் அகப்படாததால்தான் இதைப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்கிறார். மருந்து கொடுப்பதும் பற்றுப் போடுவதும் என்று சுருங்கிப்போன சொல்லைக் காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி, உணவு என்று விரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தத் தொழில் இங்கேயும் சட்டத்தில் ஏறியது: சென்னை மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926இல் வந்தது.

இனி நம் செவிலி. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது; அதாவது தலைவியின் வீட்டுக்குள்ளேயே இரண்டு தலைமுறையாக ஒட்டி வாழும் உறவு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பிற்கால மரபு வளர்க்கும் தாயரை ஐந்தாகப் பிரித்தது: நீராட்டுபவள், ஊட்டுபவள், தாலாட்டுபவள், பேச்சுப் பழக்குபவள், கையில் ஏந்துபவள். பால் இதில் ஒரு பங்குதான். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், கூடலூர் கிழாரின் செவிலி, மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். அவள் எதையெல்லாம் பார்த்திருக்கிறாள் என்று கவனியுங்கள்: தயிர் பிசைந்த விரல், அதைத் துடைத்துக்கொண்டும் மாற்றாத ஆடை, கண்ணில் ஏறிய தாளிப்புப் புகை, கணவன் நன்றாயிருக்கிறது என்றதும் முகத்தில் மெல்லத் தெரிந்த மகிழ்ச்சி. பாசத்தில் உருகும் பேச்சு ஒன்றுகூட இல்லை. கண்டதை விடாமல் கண்டு, தெரிய வேண்டியவளிடம் சேர்ப்பிக்கும் வேலை. வார்டில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது நடப்பதும் இதே ரகந்தான். பிறர் பெற்ற உடம்பை, பொறுப்பேற்றுக்கொண்டு, கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பது என்ற நடுக்கூறு இரண்டு காலத்துக்கும் பொது. மாறியது, அந்த உடம்பு குழந்தையா நோயாளியா என்பது மட்டுமே.

இது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தற்செயலாக வாய்த்த ஒற்றுமை என்று தள்ளவும் முடியாது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் நர்ஸைத் தாதி என்கிறார்கள். அது பாலூட்டுபவளைக் குறிக்கும் தாத்ரி என்ற வடசொல்லின் வழி வந்தது; இந்தியில் பிரசவம் பார்க்கும் 'தாயீ'யும் அவள் உறவுதான். வேறு வேறு வேர், ஒரே பாதை. இங்கே நம் மக்களும் சும்மா இருக்கவில்லை. நர்ஸ் என்ற சொல்லை வாங்கி நர்ஸம்மா ஆக்கினார்கள். ஆங்கிலம் வழியில் தொலைத்துவிட்டு வந்த தாயை, எந்தக் குழுவும் கூடாமல், திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் ஆங்கிலத்தில் பேசியவர்களே மாற்றினார்கள், தமிழில் படித்தவர்கள் மாற்றினார்கள், ஆஸ்பத்திரியில் யாரும் "செவிலி, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அதுவும் கன்னியாஸ்திரீகள் நோயாளிகளைப் பார்த்த காலத்தின் மிச்சம் என்பது வேறு விஷயம். கூப்பிடும் சொல் ஒன்றாகவும் எழுதும் சொல் வேறாகவும் இருப்பது தமிழில் புதிதா என்ன? செய்தித்தாளும் வேலைவாய்ப்பு அறிவிப்பும் செவிலியர் என்று எழுதினால் படிப்பவர் எவருக்கும் வளர்ப்புத்தாய் நினைவு வருவதில்லை. ஆண் செவிலியர் என்று எழுதவும் யாரும் தயங்குவதில்லை. சொல் வேர் பிடித்துவிட்டது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. தாயின் பெயரைச் சூட்டினால், நாலு வருடம் படித்துப் பதிவு செய்துகொண்டு செய்யும் வேலையைத் தாய்மை, சேவை, தியாகம் என்று புகழ்ந்தே ஊதியத்தில் கை வைத்துவிடுவார்கள் என்பது. இதில் நியாயம் நிறையவே உண்டு; பாராட்டு விழாக்களின் மேடைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் பழியைச் சொல்லின் மீது போடுவது சரியில்லை. செவிலியை நற்றாயிலிருந்து பிரித்துத் தனிப்பெயர் இட்டதே நம் மரபு. பெற்ற பாசத்தால் பார்ப்பவள் நற்றாய்; ஒப்படைக்கப்பட்ட பொறுப்பால் பார்ப்பவள் செவிலி. ஐரோப்பாவின் பழைய நர்ஸ்களோ கூலி வாங்கிக்கொண்டு பால் கொடுத்தவர்கள். இலவச உழைப்பு இந்தச் சொல்லின் தாய்ப்பொருள் அல்ல. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்தபோது, அவர்கள் கேட்டவை பணி நிரந்தரமும் காலமுறை ஊதியமும்.