மூச்சு விடும் நீதிமன்றம்

டல்லஸில் இருக்கும் என் மகன் ஒரு நாள் லீவு போட்டு, என்னையும் என் மனைவியையும் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள வாக்ஸஹாச்சி என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனான். ஊர் நடுவே ஒரு சதுக்கம். அதில் சிவப்பு மணற்கல்லும் இளஞ்சிவப்பு கிரானைட்டும் கொண்டு கட்டிய, உச்சியில் கடிகாரக் கோபுரத்துடன் கூடிய கட்டடம். "எந்த ராஜாவோட அரண்மனை?" என்று மனைவி கேட்டாள். எல்லிஸ் கவுண்டியின் நீதிமன்றம் அது!

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போல, அளவில் சிறியது. டெக்ஸஸில் மட்டும் 254 கவுண்டிகள். நீதிமன்றக் கட்டடம் என்றால் வழக்கு மட்டுமல்ல; நிலப் பதிவு, வரி எல்லாம் அங்கேதான். நம் தாலுகா கச்சேரியும் கோர்ட்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இது 1897-ல் கட்டி முடிக்கப்பட்டது. பருத்தி விளைந்து பணம் கொழித்த காலம். வடிவமைத்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். இளமையில் ரயில்வே இன்ஜினீயரிங் பிரிவில் வேலை பார்த்தவர். என் ஜாதி என்று மகனிடம் சொல்லிக்கொண்டேன்!

டெக்ஸஸ் கோடையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். மின்விசிறி பரவாத நாளில் கார்டன் என்ன செய்தார்? கட்டடத்தைக் கூட்டல் குறி வடிவில் அமைத்தார். நான்கு உள்மூலைகளிலும் நிழலான வாயில் தாழ்வாரங்கள். நடுவில் மாடிப்படிக் கூடம். அதன் மேல் கோபுரம். சூடான காற்று லேசானது. மாடிப்படிக் கூடம் வழியே ஏறிக் கோபுரத் திறப்புகளால் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பத் தாழ்வாரங்களின் நிழற்காற்று உள்ளே வரும். கோபுரம் அலங்காரம் மட்டுமல்ல, புகைபோக்கி மாதிரி வேலையும் செய்தது.

பிறகு ஏர்கண்டிஷன் வந்தது. டெக்ஸஸின் பல பழைய நீதிமன்றங்களில் ஃபால்ஸ் ஸீலிங் போட்டு உயரத்தைக் குறைத்தார்கள்; பால்கனிகளை அடைத்தார்கள். 1998-ல் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அழியும் அபாயத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. 1999-ல் மாநில அரசு நிதியுதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பயனாக 70-க்கும் மேற்பட்ட நீதிமன்றங்கள் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. வாக்ஸஹாச்சியும் அவற்றில் ஒன்று.

இதைக் கேட்டபோது எனக்கு உறுத்தியது. பணியில் இருந்தபோது ஒரு பழைய ஸ்டேஷன் கட்டடத்தில், கயிற்றால் இழுத்துத் திறக்கும் உயரமான வென்டிலேட்டர்களை மறைத்து ஃபால்ஸ் ஸீலிங் போடும் எஸ்டிமேட்டில் கையெழுத்திட்டவன் நான். அப்போது அதை முன்னேற்றம் என்றே நம்பினேன். பிறகு கரண்ட் போன மதியங்களில் புக்கிங் கிளார்க்குகள் வியர்வையில் நனைந்து வெளியே வந்து நிற்பார்கள். மேலே வென்டிலேட்டர்கள் இருந்தன, திறக்கத்தான் வழியில்லை.

நம் ஊர்களிலும் இப்படிப் பழைய கச்சேரிகள், பள்ளிகள், ஸ்டேஷன்கள் எத்தனையோ. உங்கள் கமிட்டியில் அப்படி ஒரு கட்டடத்தைப் 'புதுப்பிக்க'த் தீர்மானம் வந்தால், கையெழுத்திடும் முன் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். அந்தக் கூரையைக் கட்டியவர் அவ்வளவு உயரமாகக் கட்டியதற்குக் காரணம் இருக்கும்.